கப்பல் வேலை: டிப்ஸ் உள்ள கேபினா, டிப்ஸ் இல்லாத கேலியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகன் இரண்டு தாள்களோடு வீட்டுக்கு வந்தான். வயது 22. மதுரையிலேயே மூன்று வருஷம் கேட்டரிங் படித்துவிட்டு ஒரு ஹோட்டலில் பயிற்சியில் இருக்கிறான். தாள் இரண்டும் சொகுசுக் கப்பல் வேலைக்கானவை. ஒன்று அமெரிக்கப் பயணிகளை ஏற்றும் கப்பலில் உதவி கேபின் ஸ்டூவர்ட். மற்றது பிரிட்டிஷ் பயணிகளை ஏற்றும் கப்பலில் உதவி குக். முதல் வேலைக்கு டிப்ஸ் உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது, சம்பளம் மட்டும்தான். "எதுல கையெழுத்துப் போடட்டும் மாமா?" என்றான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2008-இல் கப்பல் ஏறி 2019-இல் இறங்கியவன் நான். பதினொரு வருஷமும் கேபின் வேலைதான். அடுத்தவர் படுக்கையை விரித்து, குளியலறையைத் துடைத்து, கடைசி நாள் கவருக்காகக் காத்திருந்த அனுபவம் நிறைய. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் பலர் இதே கேள்வியோடு அலைகிறார்கள். ஏஜெண்டுகள் இவர்களிடம் "சம்பளத்தை விடு தம்பி, டிப்ஸ் கொட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கப்பலில் சமையற்கட்டுக்கு 'கேலி' என்று பெயர். "கேலிக்கு வேலைக்குப் போறானா? என்னடா கேலி பண்றீங்களா?" என்று தங்கச்சி கோபித்துக்கொண்டாள். அதை விளக்கவே கால் மணி நேரம் ஆனது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாஸ்டரும் சப்ளையரும்

நம்ம ஊர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மாஸ்டர் நாள் சம்பளம் பேசிக் கல்லில் நிற்கிறார். வாடிக்கையாளர் முகத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை. சப்ளையருக்குச் சம்பளம் குறைவு. பில்லோடு வரும் சோம்புத் தட்டில் யாராவது பத்தோ இருபதோ வைத்தால் அது அவருடையது. சில கடைகளில் அதையும் ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். ராத்திரி கடை அடைக்கும்போது டப்பாவைக் கவிழ்த்துப் பங்கு பிரிப்பார்கள். மேஜை துடைக்கிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கொஞ்சம் போகும். சண்டை வருவது டப்பாவினால் அல்ல, பங்கு பிரிக்கிறவரால்.

கப்பலிலும் இதே டப்பா இருக்கிறது. அளவு பெரியது, அவ்வளவுதான். அதை யார் கவிழ்க்கிறார், எப்படிப் பிரிக்கிறார் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் டப்பா இல்லை, கவர்தான். பயணத்தின் கடைசி நாள் கேபின் ஸ்டூவர்ட், வெயிட்டர், உதவி வெயிட்டர், ஹெட் வெயிட்டர் என ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் கவரைக் கம்பெனியே பயணியின் அறையில் வைக்கும். பயணி டாலரைப் போட்டுக் கையில் தருவார். அப்போது ஏழு ராத்திரியும் ஒரு குடும்பத்துக்கு ஒரே மேஜை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர். நன்றாகக் கவனித்தவரைப் பயணிக்கு முகம் தெரியும், கவர் சரியான கைக்குப் போகும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நார்வீஜியன் குரூஸ் லைன், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட இடத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் வேறு மேஜை, வேறு வெயிட்டர் என்றால் யாருக்குக் கவர் கொடுப்பது? அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கில் கம்பெனியே எழுதிவிடும் முறை பரவியது. ராயல் கரீபியன் 2013 மார்ச்சில் இதற்கு மாறியது. நான் இருந்த கப்பலிலும் ஏறக்குறைய அதே காலத்தில் கவர்கள் மறைந்தன.

இன்று அமெரிக்கப் பயணிகளை நம்பி ஓடும் பெரிய கம்பெனிகளில் இந்தத் தொகை சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை. சூட் அறைக்கு அதற்கு மேல். பாரில் வாங்கும் ஒவ்வொரு பானத்தின் பில்லிலும் 18 முதல் 20 சதவீதம் தானாகச் சேரும். நம் நாட்டில் ஹோட்டல்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடுக்கடலில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. பஹாமாஸ், பனாமா, மால்டா என்று ஏதோ ஒரு கொடி பறக்கும். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்தே கிளம்பினாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வெளிநாட்டுக் கொடிக் கப்பலின் ஊழியருக்குப் பொருந்தாது. அடிப்படைச் சம்பளம் இவ்வளவு கீழே இருப்பதற்கும் டிப்ஸைப் பற்றி இவ்வளவு பேச்சு அடிபடுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

டப்பாவில் விழுவதும் கைக்கு வருவதும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர், ஒரு அறையில் இரண்டு பேர், ஏழு ராத்திரி. 252 டாலர். ஒரு ஸ்டூவர்டும் உதவியாளரும் சேர்ந்து 18 அறை பார்த்தால் வாரத்துக்கு 4,536 டாலர். இதைக் காட்டித்தான் ஏஜெண்ட் பையனின் கண்ணைக் கட்டுகிறார். அத்தனையும் கேபின்காரனுக்கு வருவதில்லை. சாப்பாட்டுக்கூடத்து ஆட்களுக்கு ஒரு பங்கு போகும். பஃபே, சலவை, பொது இடச் சுத்தம் என்று பயணி கண்ணில் படாதவர்களுக்கும் ஒரு பங்கு. மிச்சம்தான் கேபின். அதிலும் ஸ்டூவர்டுக்குப் பெரிய பங்கு, உதவியாளனுக்குச் சின்னது. என் மருமகன் சேர்வது உதவியாளனாக.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பயணி விரும்பினால் வரவேற்பு மேஜைக்குப் போய் இந்தத் தொகையைக் குறைக்கலாம். பல கம்பெனிகளில் முழுசாகவும் நீக்கிவிடலாம். மதுரையிலிருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் போகிறது என்று வையுங்கள். ஏழு ராத்திரிக்கு 504 டாலர். டாலருக்கு 85 ரூபாய் போட்டால் 42,840 ரூபாய். டிக்கெட்டுக்கு மேல் இதுவா என்று யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். கடைசி ராத்திரி அந்த மேஜையின் முன்னால் நீளும் வரிசையைப் பார்த்தே அடுத்த மாதப் பங்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கர்களுக்கு டிப்ஸ் என்பது ஊரில் பழகிய பழக்கம், நீக்குகிறவர் குறைவு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. "சம்பளம் கொடுக்க வேண்டியது உன் முதலாளி, நானா?" என்று அவர்கள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பெருக்கியது நான்.

கப்பல் இடம் மாறினால் காசும் மாறும். குளிர்காலம் முழுக்கக் கரீபியனில் ஓடிய கப்பல் வசந்தத்தில் மத்தியதரைக் கடலுக்குப் போனால் கையில் விழுவது பாதியாகும். அலாஸ்காவுக்குப் போனால் பரவாயில்லை, அங்கேயும் அமெரிக்கர்களே. எந்தக் கப்பலில் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால் வேலை உத்தரவில் கம்பெனிப் பெயரைப் பார்ப்பது போலவே, அந்தக் கப்பல் எந்த மாதம் எங்கே ஓடுகிறது என்று கம்பெனி வலைத்தளத்தின் பயண அட்டவணையில் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. ஒருவரும் செய்வதில்லை.

இப்போது முக்கியமான இடம். டிப்ஸ் உள்ள வேலைகளுக்கான பல ஒப்பந்தங்களில் 'உத்தரவாதத் தொகை' என்று ஒன்று இருக்கும். அடிப்படையும் டிப்ஸ் பங்கும் சேர்ந்து மாதம் இவ்வளவுக்குக் குறையாது, குறைந்தால் கம்பெனி நிரப்பும் என்பது அதன் பொருள். ஏஜெண்ட் வாயால் சொல்லும் தொகையை மறந்துவிட்டு இந்த ஒரு வரியைத் தேடுங்கள். இருந்தால், அந்தத் தொகைதான் உங்கள் சம்பளம். இல்லையென்றால், அடிப்படை மட்டும்தான் சம்பளம். நான் முதல் தடவை ஏறியபோது இந்த வரியைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. மேலமாசி வீதியில் ஒரு மாடியில் வைத்து ஏஜெண்ட் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னிடம் வாங்கிய பணத்தை அடைக்கவே முதல் ஒப்பந்தத்தில் பாதி போனது.

அந்தப் பணத்தை வாங்குவதே தவறு என்று பிறகுதான் தெரிந்தது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, இந்தியா 2015-இல் அதை ஏற்றது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு தவிர வேலைக்கு என்று ஆளிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஏஜென்சிக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்கும் உரிமம், இருக்க வேண்டும். அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். மருமகனின் இரண்டு தாளிலும் எண் இருந்தது, இரண்டும் சரியாகவும் இருந்தன. அதற்கப்புறம்தான் மற்ற பேச்சையே ஆரம்பித்தேன்.

கையில் விழும் டாலர்

தானாகச் சேரும் தொகை வந்தபிறகும் கைக்காசு முழுசாக நின்றுவிடவில்லை. கணக்கில் சேர்ந்ததைத் தொடாமல் விட்டுவிட்டுத் தனியாக இருபதோ ஐம்பதோ கையில் வைக்கும் பயணிகள் இருக்கிறார்கள். அது நமக்கே.

அந்தக் காசு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம். ராத்திரி பயணிகள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் அறையை மறுபடியும் சீர் செய்வோம். அப்போது துண்டில் ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைப்பது வழக்கம். யானைக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு கைத்துண்டு வேண்டும். பெரிய துண்டின் இரண்டு முனைகளையும் நடுவுக்கு மடித்து, பக்கவாட்டில் இரண்டு புறமும் உள்ளே இறுக்கிச் சுருட்டி, பாதியாக வளைத்து நிறுத்தினால் நாலு கால். கைத்துண்டைக் கூம்பாகச் சுருட்டினால் தும்பிக்கை, மேல்பக்கத்தை விரித்து மடித்தால் காது. இரண்டையும் சேர்த்து, மேஜையில் கிடக்கும் பயணியின் கூலிங்கிளாஸை மாட்டிவிட்டால் முடிந்தது. கை பழகினால் இரண்டு நிமிஷம். ஒரு தடவை ஒரு சிறுமி தினமும் யானைதான் வேண்டும் என்றாள். எனக்கு யானை என்றால் மீனாட்சி கோயில் யானைதான், அதனால் நெற்றியில் பேஸ்ட்டால் மூன்று கோடு போட்டு வைத்தேன். கடைசி நாள் காலையில் தலையணைமேல் ஒரு கவர் இருந்தது. உள்ளே நூறு டாலர், கூடவே நெற்றியில் மூன்று கோடு போட்ட யானைப் படம். நூறு டாலர் அந்த வாரமே செலவாகிவிட்டது. படம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அதே வாரத்தில் மற்ற பதினேழு அறைகளில் எத்தனை கவர் என்று கேளுங்கள். நாலு. எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து டாலர். கைக்காசு ஆடி மாதத்துக் காற்று மாதிரி, வந்தால் தூக்கிக்கொண்டு வரும், வராவிட்டால் இலைகூட அசையாது.

இதற்கும் ஒரு விதி உண்டு, ஏறும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சில கம்பெனிகளில், பயணி கணக்கிலிருந்து டிப்ஸை நீக்கிவிட்டு நேராக நம் கையில் காசு கொடுத்தால், அதை நாம் பொதுக் கணக்கில் கட்டிவிட வேண்டும். யார் யார் நீக்கினார்கள் என்ற பட்டியல் மேலதிகாரியிடம் இருக்கும். கட்டாமல் பாக்கெட்டில் போட்டு மாட்டினால் வேலையே போகலாம். 'கம்பெனி தின்றுவிடும், நேராகக் கொடுத்தால் பையனுக்குப் போகும்' என்று நல்ல மனசோடு நீக்குகிற பயணிகளுக்கும் இது தெரியாது. டூர் போகிற அக்கம்பக்கத்தார் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கணக்கில் இருப்பதைத் தொடாதீர்கள், மனசுக்குப் பிடித்தால் தனியாகக் கையில் கொடுங்கள்.

சம்பளமும் டிப்ஸ் பங்கும் இப்போது பெரும்பாலும் கார்டில் ஏறுகிறது, அங்கிருந்து ஊர்க் கணக்குக்கு அனுப்பலாம். கைக்காசு அப்படியில்லை. இரண்டு பேர் தங்கும் சின்ன கேபினில் சின்ன லாக்கரில் கிடக்கும். துறைமுகத்தில் இறங்கினால் கை அரிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊழியர் பாரில் உட்கார்ந்தால் அங்கேயும் அரிக்கும். நான் எட்டு மாதத்தில் வாங்கிய கைக்காசில் பாதிகூட ஊர் வந்து சேர்ந்ததில்லை. வந்ததையும் டவுன் ஹால் ரோட்டில் மாற்றப் போனால், நூறு டாலர் தாளுக்கு ஒரு விலை, ஒன்றும் ஐந்துமாகக் கசங்கிய தாள்களுக்கு அதைவிடக் குறைந்த விலை. டிப்ஸ் வருவதோ அந்தச் சில்லறைத் தாள்களில்தான். இறங்குவதற்கு முன்பே கப்பலில் பெரிய தாளாக மாற்றிக்கொள்ளுங்கள். தாளாக 5,000 டாலருக்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். மருமகனுக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

கேலியில் என்ன இருக்கிறது

டிப்ஸ் இல்லை. அதை முதலிலேயே மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சமையற்காரனை எந்தப் பயணியும் பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் பயணிகளை ஏற்றும் சில கம்பெனிகளில் சாப்பாட்டுக்கூடத்து ஆளுக்கே தினசரி டிப்ஸ் கணக்கு கிடையாது. பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்தோடு தினசரி சர்வீஸ் சார்ஜை எடுத்து டிக்கெட் விலையோடு சேர்த்துவிட்டது. பயணிக்கு நிம்மதி, ஊழியருக்கும் மாதச் சம்பளம் ஏறி இறங்காது. மேலே சொன்ன வரிசையும் இல்லை.

உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான். மேலே சொன்ன கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதிப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு கொடுக்க வேண்டும். திருப்பிப் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு வேலை என்று தெரியும். வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. கேபின்காரனுக்கு முதுகு போகும், கேலியில் நிற்கிறவனுக்குக் கால் போகும், கூடவே சூடு. கேலியில் ஒரு வசதி, சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பயணிகள் போடும் மதிப்பெண் அட்டையில் உங்கள் பெயர் வராது. கேபினில் அந்த அட்டை ஒரு தலைவலி. ஒரு பயணி "குளியலறையில் ஒரு முடி இருந்தது" என்று எழுதினால் அடுத்த வாரம் முழுக்க மேற்பார்வையாளர் நம் அறைகளையே சுற்றுவார்.

என்னோடு ஒரே கப்பலில் ஒரு உசிலம்பட்டிக்காரர் இருந்தார். பாத்திரம் கழுவுகிறவராகத்தான் ஏறினார். எங்களுக்குக் கவர் வரும்போது வேடிக்கை பார்ப்பார், கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஓய்வு நேரத்தில் காய் நறுக்கப் போய் நிற்பார், ரொட்டிப் பக்கம் போய் நிற்பார். ஆறு வருஷத்தில் ஒரு பிரிவின் பொறுப்புச் சமையற்காரர் ஆகிவிட்டார். இப்போது ஊரில் சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறார். நான் இறங்கி வந்தபோது என் கையில் இருந்த தொழில் படுக்கை விரிப்பதும் துண்டில் யானை செய்வதும். மதுரையில் ஹவுஸ்கீப்பிங்குக்கு என்ன சம்பளம் என்று விசாரித்துவிட்டு நாலு மாதம் வீட்டிலேயே இருந்தேன். பரோட்டா மாஸ்டர் இன்று ஒரு கடையில் சண்டை போட்டால் நாளைக்கு அடுத்த கடைக் கல்லில் நிற்பார். சப்ளையர் அப்படி நிற்க முடியாது, புதுக் கடையில் புது முகம்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால்

அவன் தாளில் இருந்த தொகைகளை எழுதவில்லை, ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். கேலியில் மாதம் 900 டாலர் என்றும், கேபினில் உத்தரவாதம் 800 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் எட்டு மாத ஒப்பந்தம். கேலியில் 7,200, கேபினில் 6,400. வித்தியாசம் 800 டாலர். அதாவது கைக்காசாக மாதம் 100 டாலர் கிடைத்தால் கேபின் சமமாகிவிடும். மாதத்துக்கு நாலு பயணம் என்றால் பயணத்துக்கு 25 டாலர். அமெரிக்கப் பயணிகள் உள்ள கப்பலில் இது கஷ்டமே இல்லை, உதவியாளனுக்கும்தான். ஆகவே பணக் கணக்கில் கேபின் ஜெயிக்கும். கேலி முந்த வேண்டுமானால் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். மாதம் 300 டாலருக்கு மேல் இடைவெளி இருந்தால் நான் கேபினை யோசிக்கவே மாட்டேன்.

எந்தத் தொகையையும் எட்டால் வகுக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் இரண்டு மாதம்போல ஊரில் இருப்பீர்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. 7,200-ஐப் பத்தால் வகுத்தால் மாதம் 720 டாலர், 85 ரூபாய்க் கணக்கில் 61,200 ரூபாய். 6,400 என்றால் 640 டாலர், 54,400 ரூபாய். இதோடு சாப்பாடும் தங்குமிடமும் கப்பலில் இலவசம் என்பதைச் சேர்த்துக்கொண்டு, மதுரை ஹோட்டல் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். கப்பல் மேல்தான். ஏஜெண்ட் சொன்ன அளவுக்கு மேல் அல்ல.

பாரில் இன்னும் அதிகம் வரும் என்று ஒருவன் இவனிடம் சொல்லியிருக்கிறான். உண்மைதான், பானத்துக்குப் பானம் சதவீதம் சேர்கிற இடம் அது. அந்தப் பேச்சு தங்கச்சி காதில் விழுந்ததோடு முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்கூடம் நல்ல நடுவழி, ஆனால் ஆங்கிலம் தண்ணீராக ஓட வேண்டும். இவன் ஆங்கிலம் புரியும்படி பேசுவான், சிரிக்கவைக்கும்படி பேச மாட்டான்.

வரி பற்றியும் கேட்டான். நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு. அப்படிப்பட்ட கடலோடி வெளிநாட்டுப் பயணக் கப்பலில் சம்பாதித்த சம்பளம், இங்கே உள்ள என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வந்து சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு இங்கே வரி போட முடியாது என்று 2017 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் எத்தனை நாள் கப்பலில் இருந்தோம் என்பதற்குக் கடலோடிப் புத்தகத்து முத்திரைதான் சாட்சி, அதைத் தொலைக்காதே என்றேன்.

2020 மார்ச்சையும் நினைவுபடுத்தினேன். கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது டிப்ஸ் ஒரே நாளில் பூஜ்யம் ஆனது. அமெரிக்காவிலிருந்து மறுபடியும் பயணிகளோடு கிளம்ப 2021 ஜூன் ஆகிவிட்டது. கேலிக்காரர்களும் வீட்டுக்குத்தான் வந்தார்கள், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து மாதத்தில் சமைக்கத் தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் பிரியாணி அண்டாவை இறக்கிப் பிழைத்தார்கள். என் பழைய கேபின் கூட்டாளிகள் இருவர் மாட்டுத்தாவணியில் லோடு இறக்கப் போனார்கள்.

அதனால் என் யோசனை கேலி. கேட்டரிங் படித்தவன், கத்தி பிடிக்கத் தெரியும். இரண்டு ஒப்பந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் ஒரு தொழில் கையில் வரும். பிறகு துறை மாறிக்கொள்ளலாம் என்று கேபினில் ஏறுகிறவர்கள் உண்டு. மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை, ஏறிய கதவு வழியாகத்தான் பெரும்பாலும் இறங்க வேண்டியிருக்கும். அவசரக் கடன் தலைக்குமேல் இருக்கிறவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். உத்தரவாதத் தொகை எழுத்தில் இருந்து, கப்பல் அமெரிக்கக் கரையிலேயே சுற்றுவதாக இருந்தால் கேபினே சரி. மற்றபடி வேண்டாம்.

மருமகன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதா மாதம் வட்டி போவதைச் சொன்னான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் தொகை இவ்வளவு என்று தெரியாது. கேபின் தாளை எடுத்து அந்த உத்தரவாத வரியை விரலால் காட்டினான். ஏற்கனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். கப்பல் அட்டவணையையும் பார்த்திருக்கிறான், அவன் ஏறும் மாதத்திலிருந்து ஏப்ரல் வரை கரீபியன், அப்புறம் அலாஸ்கா. நான் பத்து நிமிஷ வேலை என்றதை அவன் முன்பே முடித்திருந்தான்.

கேபினுக்கே கையெழுத்துப் போட்டாயிற்று. மருத்துவப் பரிசோதனை முடிந்தது, விசா நேர்காணலுக்குச் சென்னை போகிறான். ராத்திரியில் யானை செய்து பழகுகிறான். தங்கச்சி வீட்டில் இருக்கும் நாலு தேங்காய்ப்பூ துண்டும் இப்போது கட்டிலில்தான் நிற்கின்றன, குளித்துவிட்டு வருகிறவர்கள் தலை துவட்ட வேஷ்டியைத் தேடுகிறார்கள். தும்பிக்கை மட்டும் இன்னும் நிற்க மாட்டேன் என்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.